‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வந்தால் முதலில் எதையும் அழிக்காதீர்கள்: போன், மெயில், போட்டோ, ஆவணங்களை ஒழுங்குபடுத்த ஒரு முழு வழிகாட்டி

போனில் இடம் தீர்ந்துபோனதும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். கேலரியைத் திறந்து கண்ணில் பட்டதை எல்லாம் அழிப்பது. பெரிதாக இருக்கிறதே என்று தங்கை கல்யாண வீடியோ போகும். ‘இனிய காலை வணக்கம்’ ரோஜாப்பூக்கள் நூற்றுக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும். இரண்டு மாதத்தில் மறுபடி அதே எச்சரிக்கை வரும்.

இடம் போதாமை வெளியே தெரியும் அறிகுறி மட்டும்தான். வங்கி கேட்கும்போது ரேஷன் கார்டு நகல் கிடைக்காமல் தேடுவது, போன் தொலைந்ததும் மெயிலுக்குள்ளேயே போக முடியாமல் நிற்பது, அப்பா இறந்த பிறகு அவர் எந்த நிறுவனத்தில் காப்பீடு எடுத்தார் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருப்பது, இவைதான் உண்மையான சிக்கல். அதனால் இந்த வழிகாட்டியின் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். முதலில் கணக்குகளின் சாவிகள். அப்புறம் தொலையவே கூடாதவை. அவற்றுக்கு நகல் எடுத்து முடித்த பிறகுதான் அழிக்கும் வேலை.

ஒரு ஆண்ட்ராய்டு போன், ஒரு கூகுள் கணக்கு, வாட்ஸ்அப், மூலையில் ஒரு பழைய லேப்டாப். தமிழ்நாட்டில் பல வீடுகளின் நிலை இதுதான் என்பதால் இதை வைத்தே எழுதுகிறேன். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மெனுக்களின் பெயர் மாறும், வரிசை மாறாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். வாரம் ஒரு படி என்று எடுத்துக்கொண்டால் போதும்.

படி 1: சாவிகள் யார் கையில் இருக்கின்றன?

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். உங்களிடம் உள்ள மொபைல் எண்கள், மெயில் முகவரிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள், பயன்படுத்தாதவை உட்பட. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் என்னென்ன கட்டிவைத்திருக்கிறீர்கள் என்று குறியுங்கள்: வங்கி, ஆதார், வருமான வரி, பிஎஃப், கேஸ், காப்பீடு, டீமேட், கூகுள் கணக்கு.

இதில் பலருக்கும் தெரியவரும் ஓட்டை, பழைய சிம். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழே போன ப்ரீபெய்ட் எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனம் துண்டிக்கலாம். துண்டித்த எண் சில மாதங்கள் கழித்து வேறொருவருக்குப் புதிய எண்ணாகப் போய்ச் சேரும். உங்கள் ஜிமெயிலின் ‘ரெக்கவரி போன்’ இன்னும் அந்த எண்தான் என்றால், கணக்கை மீட்கும் ஓடிபி முகம் தெரியாத ஒருவருடைய போனில் போய் விழும். கூகுள் கணக்கின் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குள் போய் மீட்பு எண்ணையும் மீட்பு மெயிலையும் இன்றே பாருங்கள். வங்கியும் ஆதாரும் அடுத்து.

கூடவே, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம். நீங்கள் வாங்காத எண் அதில் தெரிந்தால் அங்கேயே புகார் செய்யவும் வழி இருக்கிறது.

அடுத்து, கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) இயக்கிவிட்டு ‘பேக்கப் கோட்ஸ்’ எடுங்கள். 10 எண்கள் வரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதை அச்செடுத்து பீரோவில் வையுங்கள். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. போன் தொலையும் நாளுக்காகத்தான் அந்த எண்களே.

பாஸ்வேர்டுகளைப் பற்றி என் கருத்து நிபுணர்கள் சொல்வதிலிருந்து கொஞ்சம் வேறு. மெயில், வங்கி இரண்டுக்கும் தனித்தனியாக, நீளமாக, வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். மற்றவற்றைப் பிரவுசரின் பாஸ்வேர்டு மேனேஜரிலேயே சேமித்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். அறுபதைத் தாண்டிய அம்மா அப்பாவுக்குப் புதிய செயலி கற்றுக்கொடுத்து அவதிப்படுவதைவிட, பீரோவில் ஒரு நோட்டுப்புத்தகம் மேல். எல்லாவற்றுக்கும் பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும் என்று ஒரே பாஸ்வேர்டு வைப்பதோடு ஒப்பிட்டால் அந்த நோட்டு எவ்வளவோ பாதுகாப்பு.

கல்லூரிக் காலத்து ஜிமெயில் கணக்குகள் இருந்தால் அவற்றுக்குள்ளும் ஒரு முறை போய்வாருங்கள். இரண்டு ஆண்டுகள் யாரும் நுழையாத தனிநபர் கணக்கை உள்ளே இருக்கும் போட்டோக்களோடு சேர்த்து நீக்கலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

படி 2: தொலைந்தால் திரும்பக் கிடைக்காதவை எவை?

எல்லா ஆவணமும் ஒன்றல்ல. கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி: இதை மறுபடி எடுக்க முடியுமா?

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, மின்கட்டண ரசீது, இ-ஆதார் எல்லாம் தேவைப்படும்போது அரசுத் தளங்களிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளக் கூடியவை. ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் இ-ஆதாரின் ஏழு நகல்கள் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்சி, மதிப்பெண் பட்டியல் போன்றவற்றுக்கு டிஜிலாக்கர் இருக்கிறது. அங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ‘இஷ்யூட் டாக்குமெண்ட்ஸ்’ என்ற பகுதியில் துறையிடமிருந்தே நேராக வருபவை, 2016-இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றிவைப்பவற்றுக்கு அந்த மதிப்பு கிடையாது. அவை வெறும் நகல். ஏற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அசலைத் தொலைத்துவிடக் கூடாது.

திரும்பக் கிடைக்காதவை வேறு மாதிரி. தாத்தா காலத்துக் கையெழுத்துப் பத்திரம், பழைய கடிதங்கள், ஒரே ஒரு பிரதி உள்ள கறுப்பு வெள்ளைப் படம், அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி. நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பது குரலை. ஆச்சி அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், அப்பா ‘பஸ் ஏறிட்டியா?’ என்று கேட்ட பத்து நொடி. போட்டோவைப் பத்திரப்படுத்தும் யாரும் இதை நினைப்பதில்லை. போன் மாற்றும்போது சத்தமில்லாமல் போய்விடுவதும் இதுதான். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, ‘ஷேர்’ கொடுத்து, கூகுள் டிரைவிலோ ஃபோல்டரிலோ சேமியுங்கள். அப்படிச் சேமிக்கும்போது பெயர் எண்களும் எழுத்துகளுமாக இருக்கும், உடனே மாற்றிவிடுங்கள்: ‘2022-01-14 ஆச்சி பொங்கல் வாழ்த்து’ என்பது போல.

பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். நாள், மாதம், ஆண்டு என்று எழுதினால் ஜனவரி 1-ம் ஆகஸ்ட் 1-ம் பக்கத்தில் பக்கத்தில் வந்து குழப்பும்.

ஃபோல்டர்கள் குறைவாக இருக்கட்டும். அடையாளம், வீடு-நிலம், பணம்-வரி, மருத்துவம், படிப்பு-வேலை. ஐந்து போதும். தேவைப்பட்டால் உள்ளே ஆளுக்கு ஒன்று. ‘இதர’ என்று ஒன்று ஆரம்பித்தால் ஒரு வருடத்தில் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். பெயர்களைத் தமிழில் வைக்கலாம், தேடினால் கிடைக்கும். ஆனால் தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஏற்றும்போது மறுக்கும் தளங்கள் இன்னும் உண்டு. அதனால் விண்ணப்பங்களுக்கு அடிக்கடி ஏற்றுபவற்றுக்கு மட்டும் ஆங்கிலத்தில் சின்னதாகப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று: பழைய தமிழ்க் கோப்புகள்

2000-களில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு மட்டும் இது. மற்றவர்கள் அடுத்த படிக்குத் தாவலாம்.

கோயில் மலருக்கு எழுதிய கட்டுரை, எம்.ஃபில் ஆய்வேடு, அலுவலகக் கடிதங்கள் என்று பழைய சிடியில் இருப்பதைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து எதுவுமே புரியாமல் இருக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி, வானவில், டிஸ்கி, டாப், டாம் என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறை, இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துகள் இப்படித்தான் தெரியும். பாமினியில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல்லே அரைப்புள்ளியில்தான் முடியும். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடையும், தமிழுக்கென்றே உருவான டேஸ்16 குறியாக்கத்தையும் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகள் எதில் இருக்கும் என்று சொல்லவே முடியாது.

இவற்றை யூனிகோடுக்கு மாற்றாதவரை தேடலில் ஒரு சொல்கூட அகப்படாது. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி போன்றவை இந்த வேலைக்காகவே உருவானவை. எந்தக் குறியாக்கம் என்று தெரியவில்லை என்றால் ஒரு பத்தியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்; சரியானது வந்ததும் கண்ணுக்கே தெரியும். மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள், கொம்பும் காலும் இடம் மாறிய பிழைகளைச் சரிபார்க்க அது வேண்டியிருக்கும்.

பிடிஎஃப் மட்டும் மிஞ்சியிருந்தால் வேறு வழி. அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, ‘ஓப்பன் வித்’ சென்று கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலுள்ள தமிழ் எழுத்துகளைப் படித்து உரையாக்கித் தரும். தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களை உரையாக்கத் தன்னார்வலர்கள் கூகுளின் இந்த எழுத்துணரியைத்தான் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். தெளிவாக அச்சான பக்கம் என்றால் நன்றாகவே வரும். கையெழுத்துக்கு நம்ப வேண்டாம்.

படி 3: நகல் எடுப்பது

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரவலாக்கிய 3-2-1 என்ற கணக்கு இதற்குப் போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகை இடங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. போனில் ஒன்று, வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் ஒன்று என்றாலே கணக்கு நேராகிவிடும். கிளவுடில் வைக்கப் பிடிக்காதவர்கள் ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் இன்னொரு டிஸ்க் வைக்கலாம்.

வீட்டுக்கு வெளியே ஏன் என்று கேட்பவர்கள் 2015 டிசம்பரில் சென்னையில் இருந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். பத்திரம் இருந்த பீரோ, கணினி, பேக்கப் டிஸ்க் மூன்றும் ஒரே தரைத்தளத்தில் ஒரே தண்ணீரில் நின்றன. சான்றிதழ்களின் நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. கல்யாண ஆல்பத்துக்கு எந்த முகாமிலும் நகல் கிடைக்காது.

பென் டிரைவ் ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகத்தான். பல வருடம் வைத்திருக்க அல்ல. பென் டிரைவ் போலச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வகை டிஸ்கையும் மின்சாரமே கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் போட்டால் தகவல் அழியலாம். சாதாரண ஹார்டு டிஸ்க் வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை செருகி, புதியவற்றைச் சேர்த்து, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது பலர் மாட்டிக்கொள்ளும் இடம். கூகுள் போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் அது போனிலிருந்து மட்டும் போகாது, கிளவுடிலிருந்தும் போகும். ‘அதான் கூகுள்ல இருக்கே’ என்று நம்பி அழித்துவிட்டுப் புலம்புபவர்கள் நிறைய. போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் அதற்கென்று ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற தனிப் பொத்தான் இருக்கிறது. அது ஏற்கெனவே மேலே ஏறிய படங்களின் போன் பிரதியை மட்டும் நீக்கும். அதை அழுத்தும் முன், லேப்டாப்பில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து படங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறி அழித்துவிட்டால், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஆகாதவை 30 நாள்தான்.

படி 4: வாட்ஸ்அப்

இப்போது அழிக்கலாம். தொடங்க வேண்டிய இடம் கேலரி இல்லை, வாட்ஸ்அப். ‘செட்டிங்ஸ்’, ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. மேலே இரண்டு பெட்டிகள் தெரியும்: பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேல் பெரியவை. முதல் பெட்டியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மொத்தமாக அழித்துவிடலாம். ஊரெல்லாம் சுற்றி வந்தவற்றில் உங்கள் வீட்டுப் படம் இருக்க வாய்ப்பே குறைவு. இரண்டாவது பெட்டியில் நிதானம் வேண்டும், குடும்ப வீடியோக்கள் அதில்தான் இருக்கும்.

அதற்குக் கீழே ஒவ்வொரு சாட்டும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியல், பெரியதிலிருந்து சிறியதாக. முதல் ஐந்தைச் சரிசெய்தாலே பெரும்பாலும் வேலை முடிந்தது. அபார்ட்மெண்ட் சங்கம், பள்ளி வகுப்புக் குழு, பழைய கம்பெனி நண்பர்கள் என்று அது அநேகமாக எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். ஒரு குழுவை ‘கிளியர் சாட்’ செய்யும் முன் வேண்டிய செய்திகளுக்கு நட்சத்திரம் போடுங்கள். நட்சத்திரமிட்டவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அழிக்க அங்கே ஒரு தேர்வு இருக்கும்.

அழித்தால் மட்டும் போதாது, வரும் வழியையும் அடைக்க வேண்டும். ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ பகுதியில் வீடியோவையாவது நிறுத்துங்கள். தொல்லை தரும் குழுக்களில் ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்தால் அங்கே வரும் படங்கள் கேலரிக்குள் நுழையாது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் ஒரு காலத்தில் கூகுளின் இலவச இடத்தில் கணக்கில் வராமல் இருந்தது. 2024-லிருந்து அதுவும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபிக்குள்தான். எனவே பேக்கப் அமைப்பில் ‘இன்க்லூட் வீடியோஸ்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

குழுவிலிருந்து வெளியேறத் தயங்குபவர்களுக்கு: 2022-லிருந்து அது அட்மின்களுக்கு மட்டும்தான் உடனே தெரியும், எல்லோருக்கும் அறிவிப்பு போகாது. சொந்தக்காரர்கள் குழுவுக்கு மட்டும் இந்தத் தைரியம் செல்லாது. அங்கே மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிட்டு, யாருக்காவது பிறந்தநாள் வந்தால் எட்டிப்பார்ப்பதுதான் சுமுகம்.

இன்னொரு குப்பை உங்கள் போனில் இல்லை, ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. பிரிண்ட் எடுக்க ஆதாரை, பான் கார்டை, வங்கிப் புத்தகத்தைக் கடைக்காரர் எண்ணுக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுகிறோம். ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ சுமார் இரண்டு நாளுக்குள் செய்தால்தான் உண்டு. அப்படிச் செய்தாலும் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கிய பிரதி போகாது. பிரிண்ட் கையில் வந்ததும் ‘அண்ணே, அதைக் கொஞ்சம் அழிச்சிடுங்க’ என்று நின்று சொல்லி வாங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அடையாளத்துக்கு மட்டும் கேட்கும் இடங்களுக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் தளத்தில் இறக்கும்போதே அந்தத் தேர்வு உண்டு.

படி 5: போட்டோக்கள்

முதலில் ஸ்க்ரீன்ஷாட்கள். ஜிபே, போன்பே பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டுகளை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அந்தப் பரிவர்த்தனை செயலியிலும் வங்கி அறிக்கையிலும் இருக்கிறது. தகராறில் இருக்கும் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மொத்தமாக நீக்குங்கள்.

அடுத்து வீடியோ. சில நிமிட வீடியோ நூற்றுக்கணக்கான படங்களின் இடத்தைப் பிடிக்கும். பள்ளி ஆண்டு விழாவில் அரை மணி நேரம் ஓடவிட்டதில் பிள்ளை மேடையில் நின்றது நான்கு நிமிடம்தான். அதை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், கேலரியிலேயே ‘ட்ரிம்’ இருக்கிறது. ஒரே படத்தின் பல பிரதிகளைக் கண்டுபிடிக்க ‘ஃபைல்ஸ் பை கூகுள்’ செயலி உதவும்.

பத்து வருடப் படங்களை எல்லாம் ஆல்பமாகப் பிரிக்க உட்காராதீர்கள். அந்த வேலையைத் தொடங்கி முடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. முகத்தையும் இடத்தையும் வைத்து கூகுள் போட்டோஸே தேடித் தரும். ஹார்டு டிஸ்கில் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். அதற்குப் பதில் ஒவ்வோர் ஆண்டும் சிறந்த ஐம்பது அறுபது படங்களை மட்டும் பொறுக்கி ஒரு ஆல்பம் செய்யுங்கள். வீட்டுக்கு வருபவர்களிடம் காட்டப்போவது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தவை தரம் குறைந்தவை. எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்களும் அவற்றில் இருக்காது. கல்யாணப் படங்களை அப்படி வாங்கியிருந்தால், எடுத்தவர் அசலை அழிக்கும் முன் டிரைவ் இணைப்பாகவோ ‘டாக்குமெண்ட்’ ஆகவோ கேட்டு வாங்குங்கள். போட்டோகிராபர்கள் பழைய வேலைகளைக் காலமெல்லாம் வைத்திருக்க மாட்டார்கள்.

படி 6: மெயில்

ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி. அது நிரம்பினால் புதிய மெயில் வருவது நின்றுவிடும், அனுப்பியவருக்குத் திரும்பிப்போகும். வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறந்து, தேடல் பட்டையின் வலது ஓரத்தில் உள்ள வடிகட்டியை அழுத்தினால் அளவு கேட்கும் கட்டம் வரும். 10 எம்பிக்கு மேல் என்று கொடுங்கள். பழைய இணைப்புகள் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதை இறக்கிக்கொண்டு மற்றதை நீக்குங்கள். குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் இடம் உடனே திரும்பும், இல்லாவிட்டால் 30 நாள் காத்திருக்க வேண்டும்.

விளம்பர மெயில்களுக்கு 2025-இல் ஜிமெயிலில் ‘மேனேஜ் சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்’ என்ற பகுதி வந்தது. யார் அதிகம் அனுப்புகிறார்கள் என்று பட்டியல் காட்டும், அங்கேயே நிறுத்தலாம். தெரிந்த நிறுவனங்களுக்கு மட்டும் ‘அன்சப்ஸ்க்ரைப்’. யாரென்றே தெரியாத மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாமல் ‘ஸ்பேம்’ என்று தள்ளிவிடுங்கள். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சொன்ன மாதிரி ஆகும்.

இன்பாக்ஸில் ஒரு மெயிலும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்ற வெறி தேவையில்லை. படிக்காத ஐயாயிரம் மெயில்கள் இருந்தால் ‘மார்க் ஆஸ் ரெட்’ கொடுத்துப் படித்தவையாகக் குறித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். ஆனால் வங்கி அறிக்கை, ஃபார்ம் 16, காப்பீட்டு ரசீது ஆகியவற்றை மெயிலிலேயே விடாமல் பணம்-வரி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். கம்பெனி மெயிலுக்கு வந்த சம்பளச் சீட்டு, வேலையை விட்ட நாளோடு போய்விடும். வரி ஆவணங்களை நான் 8 ஆண்டுகள் வைத்திருப்பேன். வீடு, நிலம், பங்கு வாங்கிய ஆதாரங்களை அதை விற்று அந்தக் கணக்கு முடியும்வரை.

படி 7: செயலிகள், சந்தாக்கள், எஸ்எம்எஸ்

செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரின் ‘சப்ஸ்க்ரிப்ஷன்ஸ்’, யுபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தி வருகிறது, விளம்பரக் கும்பலுக்குள் நாம்தான் கவனிப்பதில்லை.

அந்தக் கும்பலைப் பிரிக்க ஒரு எளிய அடையாளம் இருக்கிறது. நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸின் அனுப்புநர் பெயர் இப்போது ஓர் ஆங்கில எழுத்தில் முடிகிறது: ‘பி’ என்றால் விளம்பரம், ‘எஸ்’ சேவை, ‘டி’ பரிவர்த்தனை, ‘ஜி’ அரசு. ‘பி’யில் முடிபவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். விளம்பரமே வேண்டாம் என்றால் 1909-க்கு அழைத்து டிஎன்டியில் (‘தொந்தரவு வேண்டாம்’ பட்டியல்) பதியலாம்.

உடனடிக் கடன் செயலிகள் இருந்தால், கடன் முடிந்ததும் கணக்கை மூடச் சொல்லி எழுத்தில் கேட்டுவிட்டு நீக்குங்கள். தொடர்புப் பட்டியலையும் படங்களையும் இத்தகைய செயலிகள் எடுக்கக் கூடாது என்று கூகுள் 2023 மே இறுதியிலிருந்து தடை போட்டது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இணைப்பு மூலம் இறக்கியவற்றை அந்தத் தடை கட்டுப்படுத்தாது.

நோட்டிபிகேஷன்களில், ஒரு மனிதர் உங்களை அழைப்பதையும் பணம் நகர்வதையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைக்கலாம்.

படி 8: இன்னொருவர் கைக்கு

கூகுளில் ‘இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்’ என்று ஒன்று இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், 10 பேர் வரை. ஆப்பிளில் இதற்கு ‘லெகஸி காண்டாக்ட்’.

அதைவிட முக்கியம் வீட்டிலிருக்கும் ஒரு தாள். வங்கிக் கணக்குகள் எந்தக் கிளையில், காப்பீடு எந்த நிறுவனத்தில், யார் நாமினி, ஹார்டு டிஸ்க் எங்கே, பேக்கப் கோட்ஸ் எங்கே. பாஸ்வேர்டு அதில் வேண்டாம், இருக்கும் இடம் மட்டும் போதும். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்படுகிறது. அப்படிப் போனவற்றைத் தேடுவதற்கென்றே 2023-இல் உத்கம் என்ற தளத்தை ஆரம்பித்தார்கள். தாள் எழுதியதும் மனைவியிடமோ கணவரிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ காட்டி, ‘இதை வச்சு நம்ம இன்சூரன்ஸ் பத்திரத்தைக் கண்டுபிடி பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே திருத்துங்கள்.

படி 9: அலமாரியில் கிடக்கும் பழைய போன்

முதலில் சார்ஜ் போட்டுத் திறந்து, உள்ளே இருக்கும் படங்களையும் வாய்ஸ் மெசேஜ்களையும் எடுங்கள். முதுகு உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, பேட்டரி வீங்கியிருக்கிறது. சர்வீஸ் கடையில் காட்டி, மின்கழிவாக ஒப்படையுங்கள்.

விற்பதாக இருந்தால் வரிசை முக்கியம். வங்கி, யுபிஐ செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகு ‘ஃபேக்டரி ரீசெட்’. கணக்கை நீக்காமல் வேறு வழியில் ரீசெட் செய்தால், வாங்கியவர் ஆன் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், அவர் உங்களைத் தேடி வருவார்.

புதிய போனில் *#06# என்று தட்டினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்களையும் (போனின் அடையாள எண்), கடை பில்லின் படத்தையும் போனுக்கு வெளியே எங்காவது சேமியுங்கள். போன் திருட்டுப்போனால் காவல் நிலையத்திலும், போனை முடக்கச் சஞ்சார் சாத்தியிலும் அவைதான் கேட்பார்கள்.